விழுந்தவன் எழுந்த பிறகு: யாழ்ப்பாணத்துத் தொழிலாளியும் புனர்வாழ்வு என்ற சொல்லும்

ஈழத்தமிழரின் அன்றாட வழக்கில் கடந்த நாற்பது ஆண்டுகளில் மிக அதிகமாகப் புழங்கிய சொற்களுள் 'புனர்வாழ்வு' என்பதும் ஒன்று. 1983 இன் இனக்கலவரத்தின் பின்னர் அகதிகளுக்கு அளிக்கப்பட்ட உலர் உணவும் தறப்பாளும் புனர்வாழ்வு என்று அழைக்கப்பட்டன. இடிந்த வீட்டைத் திருத்துவதற்குக் கொடுக்கப்பட்ட பணமும் புனர்வாழ்வாயிற்று. 2009 மே மாதத்தின் பின்னர் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளைத் தடுப்பு முகாம்களில் வைத்திருந்தமைக்கும் அரசாங்கம் அதே சொல்லையே சூட்டியது. இவ்வாறு பல கைகளில் மாறி மாறிப் பயன்பட்ட இச்சொல், அதற்கு முதலில் உரியவனாக இருந்திருக்க வேண்டிய ஒருவனை மட்டும் எட்டவேயில்லை. அவன்தான் தொழில் செய்யும்போது விழுந்து, உறுப்பிழந்து, பிழைத்துக்கொண்ட தொழிலாளி.

உலக வழக்கில் தொழில்சார் புனர்வாழ்வு என்பதற்குத் தெளிவான பொருள் உண்டு. விபத்தில் உடல் ஊனமுற்றவனை அவனால் செய்யக்கூடிய ஒரு தொழிலுக்குத் திரும்பக் கொண்டுவருவதே அது. சிகிச்சை அதன் தொடக்கம் மட்டுமே. பணமாகக் கிடைக்கும் நட்டஈடு அதன் ஒரு துணை மட்டுமே. அவன் மீண்டும் உழைத்து வீட்டுக்கு ஒரு படி அரிசி கொண்டுவரும் நாளில்தான் அது நிறைவு பெறுகின்றது. இந்தப் பொருளில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது, என்ன நடக்காமற் போனது என்பதை எழுதி வைப்பது அவசியம் என்று நெடுநாளாகவே எண்ணியிருந்தேன்.

தின்னவேலியின் துலாவும் பனையும்

திருநெல்வேலி என்று எழுதி, 'தின்னவேலி' என்று நாம் சொல்லும் ஊரை எடுத்துக்கொள்வோம். இன்று அவ்வூரின் பெயர் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தே நினைக்கப்படுகின்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகத்திலே 1974 இல் பல்கலைக்கழக வளாகம் உருவாயிற்று. ஆயினும் அதற்கு முன்னும் பின்னும் தின்னவேலி செம்மண் தோட்டங்களின் ஊர். வெங்காயம், மிளகாய், மரக்கறி, திருவிதாங்கூர்ச் சந்தைவரை சென்ற புகையிலை ஆகியவற்றை விளைவித்த குடாநாட்டுத் தோட்டச் செய்கையின் நடுவில் இருந்த ஊர் அது. ஆறில்லாத குடாநாட்டில் அத்தனை பயிருக்கும் நீர் கிணற்றிலிருந்தே வரவேண்டும்.

இயந்திரம் வருவதற்கு முன் அந்த நீரை மேலே கொண்டுவந்தவன் துலா மிதிப்பவன். ஆடுகாலின் மேல் பொருத்திய நீண்ட மரத்தின் மீது, பிடித்துக்கொள்ள ஏதுமின்றி, ஒருவரோ இருவரோ முன்னும் பின்னுமாக நடப்பார்கள். அவர்கள் நடக்கும் போக்கில் துலா தாழ்ந்து உயர, கீழே நிற்பவன் பட்டையை நிறைத்து வாய்க்காலில் ஊற்றுவான். விடியற்புறத்து இருளில் தொடங்கும் வேலை அது. பனியில் ஈரமான மரத்தில் கால் வழுக்கினால் ஒருபுறம் கிணறு, மறுபுறம் கல் நிலம். 1950 களிலும் 60 களிலும் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவிய பின்னர் துலா மெல்ல மெல்ல மறைந்தது. விவசாய வரலாறு எழுதியவர்கள் அதனை உற்பத்திப் பெருக்கத்தின் கதையாகவே எழுதினர். இடுப்பொடிந்த மனிதர்களின் தொகை குறைந்த கதையாகவும் அதனை எழுதியிருக்கலாம்.

பனைக்கு அத்தகைய இயந்திரம் வரவில்லை. சீவல் தொழிலாளி காலில் தளநாரும் இடையில் பாளைக் கத்தியும் முட்டியுமாக, பருவ காலத்தில் காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்க வேண்டும். பாளையை ஒருநாள் சீவாமல் விட்டால் கள் வற்றிவிடும். ஆகவே மழையென்றும் காய்ச்சலென்றும் அவனுக்கு விடுமுறை கிடையாது. மரமோ தென்னையைவிட உயர்ந்து நிற்பது. அங்கிருந்து விழுபவனுக்குக் கையோ காலோ முறிந்தால் அது நல்ல காலம். பெரும்பாலும் அடிபடுவது முதுகெலும்பும் இடுப்பும்.

பத்திரிகையில் வேலை செய்த காலம் முழுவதும் 'பனையால் வீழ்ந்து குடும்பஸ்தர் பலி' என்ற தலைப்பில் நான்கு வரிச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. மரண விசாரணை அதிகாரி வருவார், சடலம் உறவினரிடம் ஒப்படைக்கப்படும், செய்தி முடிந்துவிடும். இறந்தவனுக்காவது நான்கு வரியும் ஒரு விசாரணையும் உண்டு. விழுந்து பிழைத்தவனுக்கு இரண்டும் இல்லை. எந்த ஊரின் பத்திரிகையிலும் செய்தி என்பது நடந்து முடிந்த ஒன்று. பிழைத்தவனின் துன்பமோ முடிவதில்லை.

திருநெல்வேலியின் ஒழுங்கை ஒன்றில் அத்தகைய முதியவர் ஒருவரை அறிந்திருந்தேன். முப்பது வயதில் விழுந்தவர். இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியில்லை. திண்ணையில் இருந்தபடியே பனையோலையில் பெட்டியும் நீற்றுப்பெட்டியும் இழைப்பார். "தம்பி, மரத்தாலை விழுந்தது ஒரு நாள். வீட்டுக்குள்ளை சும்மா கிடந்தது பதினொரு வருசம். பெட்டி இழைக்கப் பழகின பிறகுதான் நான் சீவிக்கத் தொடங்கினனான்" என்று ஒருமுறை சொன்னார். அவருக்கு ஓலை இழைக்கக் கற்பித்தது எந்தத் திணைக்களமும் அல்ல. அவருடைய மனைவியே கற்பித்தார்.

கைக்கு ஒரு விலை, காலுக்கு ஒரு விலை

தொழிலில் காயமடைந்தவனுக்கு முதலாளி பொறுப்பாளி என்ற கொள்கை மேலை நாடுகளிலும் மிகப் பழையதன்று. ஜேர்மனியில் பிஸ்மார்க்கின் ஆட்சியில் 1884 இல் விபத்துக் காப்புறுதிச் சட்டம் வந்தது. பிரித்தானியாவில் 1897 இலும், பிரித்தானிய இந்தியாவில் 1923 இலும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்கள் வந்தன.

இந்தியச் சட்டத்தின் முதல் அட்டவணை படித்துப் பார்க்க வேண்டிய ஓர் ஆவணம். வலக்கை முழங்கைக்கு மேல் இழந்தால் உழைப்பாற்றலில் 70 வீதம் போயிற்று என்று அது கணக்கிட்டது. இடக்கைக்கு 60 வீதம். ஒரு கண்ணுக்கு 30, பெருவிரலுக்கு 25. உடலைப் பகுதி பகுதியாக விலை மதிக்கும் இக்கணக்கில் கொடூரம் தெரியலாம். ஆயினும் அதற்கு முன்னர் தொழிலாளியின் கைக்கு எந்த விலையும் இருக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இலங்கையில் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இதே வழியில் வந்தது. அப்போது அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் ஹட்டன் தொகுதியின் உறுப்பினரும் தமிழருமான பெரி சுந்தரம் என்பது குறிப்பிடத்தக்கது. தோட்டத் தொழிலாளரின் நடுவிலிருந்து எழுந்த ஒருவரின் அமைச்சுக் காலத்தில் இச்சட்டம் நிறைவேறியமை தற்செயலெனினும் பொருத்தமானதே.

இச்சட்டத்துக்கு இரண்டு எல்லைகள் இருந்தன. முதலாவது, அதற்கு ஒரு முதலாளி தேவை. காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையின் ஊழியனுக்கும், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் ஊழியனுக்கும் முதலாளி யார் என்பதில் ஐயமில்லை. துலா மிதித்த நாட்கூலிக்கு முதலாளி இருந்தார், ஆனால் பதிவேடு இல்லை. சீவல் தொழிலாளிக்கோ முதலாளியே இல்லை. மரம் ஒருவருடையது, தவறணை மற்றொருவருடையது, ஏறும் உயிர் மட்டும் அவனுடையது. 1972 இல் குத்தகைத் தவறணை முறை ஒழிக்கப்பட்டுக் கள்ளிறக்கும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டபோது அவன் முதன்முறையாக ஓர் அமைப்பின் உறுப்பினன் ஆனான். 1978 இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. இவை அவனுடைய விலையையும் மதிப்பையும் உயர்த்தின. ஆனால் உறுப்பினன் என்பவன் ஊழியன் அல்லன். ஆதலால் 1934 இன் சட்டம் அவனுக்கு வெளியிலேயே நின்றது.

இரண்டாவது எல்லை இதனினும் ஆழமானது. கையை இழந்தவனுக்குப் பணம் கொடு என்று சொன்ன சட்டம், அவனுக்கு வேலை கொடு என்று சொல்லவில்லை. பணம் கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது. இன்றும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 2022 இல் திருத்தப்பட்டபோது உச்ச நட்டஈடு 5,50,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளும் உள்ளடக்கப்பட்டன. வரவேற்க வேண்டிய திருத்தமே. எனினும் தொகைதான் மாறியதேயன்றித் தத்துவம் மாறவில்லை.

போர் திறந்த வாசல்

உறுப்பிழந்தவனை வேலைக்குத் திருப்ப வேண்டும் என்ற எண்ணம் உலகெங்கும் தொழிலாளிக்காக அன்றிப் போர்வீரனுக்காகவே முதலில் பெரிய அளவில் செயலுக்கு வந்தது. முதலாம் உலகப் போரின் முடிவில், 1918 இல், ஐக்கிய அமெரிக்கா காயமடைந்த படையினருக்குத் தொழிற்பயிற்சி அளிக்கச் சட்டம் இயற்றியது. இரண்டாண்டுகளின் பின்னர், 1920 இல், அதே ஏற்பாடு தொழிற்சாலையில் காயமடைந்த குடிமக்களுக்கும் விரிந்தது. பிரித்தானியாவில் 1944 இல் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் முள்ளந்தண்டு காயமடைந்த படையினருக்காக ஒரு பிரிவைத் தொடங்கினார். அதுவரை அத்தகைய நோயாளிகள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோவதே வழக்கம். குட்மன் அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்து உயிர் காத்ததோடு நிற்கவில்லை. மரவேலையும் கடிகாரத் திருத்தமும் பழக்கி வெளியே அனுப்பினார். 1955 இல் சர்வதேசத் தொழில் அமைப்பு தனது 99 ஆவது பரிந்துரையில் இதனை எல்லா நாடுகளுக்கும் உரிய கொள்கையாக வகுத்தது.

தமிழகத்தில் வாசல் வேறு பக்கத்திலிருந்து திறந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் போல் பிராண்ட் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையைச் செய்தபோது எதிர்பாராத ஒரு சிக்கல் எழுந்தது. விரல் நிமிர்ந்தவர்களுக்குப் பிச்சை கிடைக்கவில்லை, வேலை கொடுப்பாரும் இல்லை. நல்ல கையே அவர்களைப் பட்டினியில் விட்டது. ஆகவே 1951 இல் புதுவாழ்வு மையம் ஒன்றை அமைத்துத் தச்சு முதலிய தொழில்களைப் பழக்கினர். அதே மருத்துவமனையின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 இல் வாகன விபத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலிக்கு உள்ளானார். நாற்காலியிலிருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயோர்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பி வந்தார். 1966 இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாவதற்குக் காரணராகவும் இருந்தார்.

மற்றைத் திருநெல்வேலியையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழகத்தின் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், 1975 இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்தகுதிச் சோதனையின்போது உயரத்திலிருந்து வீழ்ந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981 இல் தம் ஊரிலேயே அமர்சேவா சங்கத்தைத் தொடங்கினார். தம்மைத் தேற்றிய இராணுவ வைத்தியர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரே அச்சங்கத்தின் பெயரில் நிற்கின்றது. பள்ளியும் தொழிற்பயிற்சியும் சிகிச்சையும் ஒரே வளாகத்தில் அமைந்த அந்தக் கிராமத்துக்கு இன்று உலகெங்குமிருந்து பார்வையாளர் வருகின்றனர். ஒரு திருநெல்வேலியில் விழுந்தவர் ஒரு நிறுவனத்தை எழுப்பினார். நம் திருநெல்வேலியில் விழுந்தவர் திண்ணையில் பெட்டி இழைத்தார். இந்த வேற்றுமைக்குக் காரணம் மனிதரின் மனவலிமையில் இல்லை. கல்வியும் சமூக மதிப்பும் ஆதரவாளர் வட்டமும் ஒருவருக்கு வாய்த்திருந்தன, மற்றவருக்கு வாய்க்கவில்லை.

இங்கே சாதியைப் பற்றிச் சொல்லாது விட்டால் இவ்வரலாறு பொய்யாகிவிடும். சீவல் தொழில் பிறப்பால் விதிக்கப்பட்ட தொழிலாக இருந்தது. மரம் ஏற முடியாதவன் வேறு தொழிலுக்கு மாறுவதென்றால் கடை வைக்க வேண்டும், அல்லது அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவன் கையால் தேநீர் வாங்கிக் குடிக்காத சமூகத்தில் அவன் எந்தத் தேநீர்க்கடையைத் திறப்பான்? தொழில்சார் புனர்வாழ்வுக்கு வேண்டிய முதற்பொருள் மாற்றுத் தொழில். யாழ்ப்பாணச் சமூகம் அந்தக் கதவைத்தான் சாத்தி வைத்திருந்தது.

1987 உம் ஜெய்ப்பூர்க் காலும்

யாழ்ப்பாணத்தில் நவீன வைத்தியசாலையின் வரலாறு 1850 இல், அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால், நட்புறவுச் சங்கம் என நாம் அழைக்கும் தரும அமைப்பினால் நிறுவப்பட்ட வைத்தியசாலையோடு தொடங்குகின்றது. அதற்கு முன்னும் பின்னும் எலும்பு முறிந்தவர்கள் முறிவு நெரிவு வைத்தியரிடமே முதலில் சென்றனர். பத்தும் எண்ணெயும் கட்டும் பல கால்களைக் காப்பாற்றின. ஆனால் கால் போனவனுக்கு ஊன்றுகோலைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

1980 களில் போர் தீவிரமாகியபோது காலிழந்தோர் தொகை முன்னெப்போதும் இல்லாதவாறு பெருகியது. 1987 இல் அதே நட்புறவுச் சங்கத்தின் மரபில் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர்க் கால் பொருத்தும் நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய அமைதிப்படையோடு போர் மூண்ட அதே ஆண்டு அது.

ஜெய்ப்பூர்க் கால் ஏன் நமக்குப் பொருந்தியது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1968 இல் ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு அறுவை மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து அதனை உருவாக்கினர். மேலைநாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்து அணிந்து நாற்காலியில் அமரும் மனிதனுக்கானது. நம் உழவனோ வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவன், குந்தியிருப்பவன், சம்மணமிட்டு உண்பவன். இறப்பரால் ஆன ஜெய்ப்பூர்ப் பாதம் இவை அனைத்துக்கும் வளைந்து கொடுத்தது. உள்ளூர்க் கம்மியரே அதனைச் செய்யலாம், திருத்தலாம். சேத்திக்கு 1981 இல் மக்சேசே விருது கிடைத்தபோது உலகம் அவரை அறிந்தது. எழுத்தறிவு குறைந்த சர்மாவின் பெயர் அவ்வளவாகப் பேசப்படவில்லை. கை வேலை செய்பவனின் பெயர் பின்னுக்குப் போவது எங்கும் உள்ள வழக்கமே.

யாழ்ப்பாண நிலையம் பொருளாதாரத் தடையையும் இடப்பெயர்வையும் கடந்து நின்றது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் துணையும் பின்னர் அதற்குக் கிடைத்தது. காலைப் பொருத்தி அனுப்பினால் மட்டும் போதாது என்று கண்டு, சுயதொழிலுக்குச் சுழற்சி முறைக் கடனும் அது வழங்கியது. சிறு கடை, தையல், கோழி வளர்ப்பு, சைக்கிள் திருத்தம் என்று சிறிய தொழில்களே பெரும்பாலும் இத்தகைய கடனால் தொடங்கப்படுவன. போரில் காலிழந்தவர்க்கென வந்த அந்நிலையத்தின் வாசலில் பின்னர் வீதி விபத்தாலும் நீரிழிவாலும் தொழில் விபத்தாலும் காலிழந்தோரும் வந்து நின்றனர். அமெரிக்காவில் 1918 இலிருந்து 1920 வரை சட்டத்தால் நடந்தது, யாழ்ப்பாணத்தில் ஒரு தரும நிலையத்தின் வாசலில் எவரும் ஆணையிடாமலே நடந்தது.

அரசாங்கம் தன் படையினருக்கு றாகமையில் தனி நிலையம் வைத்திருந்தது. போராளி இயக்கமும் தன்னவர்களுக்குத் தனி ஏற்பாடுகள் வைத்திருந்தது. சீருடை அணியாத கூலியாளுக்குக் கிடைத்தது இந்த மூன்றாவது வாசல் ஒன்றுதான்.

இன்னும் எட்டாதவன்

எனினும் செயற்கைக் கால், கால் இழந்தவனுக்கே பயன்படும். பனையிலிருந்து விழுந்தவனுக்குக் கால் இருக்கின்றது, முள்ளந்தண்டு வடம்தான் அறுந்துவிட்டது. அவனுக்கு வேண்டியன படுக்கைப் புண் வராத மெத்தை, சக்கர நாற்காலி, அது உருளக்கூடிய முற்றம், இருந்த இடத்திலிருந்து செய்யக்கூடிய தொழில் ஆகியனவே. போரின் பின்னர் வன்னியில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் தாமே கூடி 'உயிரிழை' என்ற அமைப்பை உருவாக்கினர். விழுந்தவர்களே விழுந்தவர்களுக்குக் கை கொடுத்த அம்முயற்சி நம் காலத்தின் பெருமைக்குரிய செயல்களுள் ஒன்று.

சட்டப் புத்தகத்தில் குறைவில்லை. அரச வேலைகளில் 3 வீதத்தை ஒதுக்கும் சுற்றறிக்கை 1988 இல் வந்தது. ஊனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்றது. விவசாயிகளுக்கு 1987 இலும் மீனவர்க்கு 1990 இலும் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் சட்டமாயின. கேரளத்தில் கள்ளுத் தொழிலாளர்க்கென்றே 1969 இல் நலநிதிச் சட்டம் வந்துவிட்டது. அங்கே தொழிலாளியின் பெயர் ஏட்டில் உண்டு. நிதியில் அவன் பங்கும் தொழில் நடத்துபவரின் பங்கும் சேர்கின்றன. முதலாளி யார் என்ற கேள்விக்கு முழுமையான விடை கிடைக்காத தொழிலிலும் பொறுப்பை யாராவது ஏற்கச் செய்யலாம் என்பதற்கு அதுவே சான்று.

நம்மிடமும் அதற்கான உறுப்புகள் தனித்தனியே இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கங்களிடம் உறுப்பினர் பதிவேடு இருக்கின்றது. பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. புலம்பெயர்ந்தோரிடம் பணமும் ஊர்ச் சங்கங்களும் இருக்கின்றன. இல்லாதது இவற்றை இணைக்கும் ஒரு நூல்தான். வைத்தியசாலையிலிருந்து ஒருவனை வீட்டுக்கு அனுப்பும் துண்டில் அவன் இனி என்ன தொழில் செய்வான் என்ற கேள்விக்கு ஒரு வரி இடம் ஒதுக்கி, அந்த வரியை நிரப்பும் பொறுப்பை ஓர் அலுவலரிடம் கொடுத்தால், அதுவே தொடக்கமாகும். அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை.

கோயிற் கோபுரத்துக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் நம்மவர்கள், தம் ஊரில் பனையால் விழுந்தும் கிணற்றில் விழுந்தும் கட்டடச் சாரத்தால் விழுந்தும் படுக்கையில் கிடப்பவர் எத்தனை பேர் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வோர் ஊரிலும் அந்தத் தொகை விரல்விட்டு எண்ணக்கூடியதாகத்தான் இருக்கும். எண்ணக்கூடிய ஒன்று தீர்க்கக்கூடியதும் ஆகும்.

திண்ணையிலிருந்து பெட்டி இழைத்த அந்த முதியவர் இன்று இல்லை. அவர் சும்மா கிடந்த பதினொரு ஆண்டுகளை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. இன்று விழுபவனுக்கு அது பதினொரு மாதமாகவேனும் குறைந்தால், 'புனர்வாழ்வு' என்ற சொல் தனக்குரிய பொருளை யாழ்ப்பாணத்தில் மீண்டும் பெற்றுவிட்டது என்று எழுதலாம்.